முன்னாடி மட்டும் கேக்குற மைக்கு

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் மருதமுத்துவுக்குக் கத்தரிக்காய் விற்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு காயை எடுத்தால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார், ஒரு கண்ணை மூடுவார், காம்பைத் திருகிப் பார்ப்பார், அப்புறம் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். அது பிழைப்பு கொடுத்த பழக்கம். மலாக்கா ஆற்றங்கரைக் கிட்டங்கியில் அவருக்கு ரப்பர் ஷீட், ஊர்ப் பேச்சில் கித்தா, தரம் பிரிக்கும் வேலை. தோட்டங்களிலிருந்து லாரியில் வந்து இறங்கும் புகைபோட்ட ஷீட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, குமிழ் இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வீச வேண்டும். நல்ல ஷீட்டைப் பார்த்து அவர் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. குற்றம் தட்டுப்பட்டால்தான் முகம் மலரும்.

அப்படிப்பட்ட மனிதர், மலாயா சுதந்திரம் வாங்கப்போகிற அந்த ஆகஸ்டு மாசத்தில் டேப் ரிக்கார்டர் வாங்கக் கிளம்பினார் என்றால், கடைக்காரன் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

காரணம் அவர் மனைவி பாக்கியலட்சுமியின் கழுத்து. முதலில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. புடவைத் தலைப்பால் மறைத்தே ஒரு வருஷத்தை ஓட்டினாள். அது எலுமிச்சம்பழமாகி, மூச்சு முட்ட ஆரம்பித்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் எடுத்துச் சொன்னாள். கட்டியை எடுத்தே ஆக வேண்டும், உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே ஓடுகிறது. அதில் கத்தி பட்டால் குரல் மாறலாம், கம்மிப் போகலாம், போயே போகலாம். சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்த மறுவாரம் ஆப்பரேஷன் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

வேறு ஒருத்தியாக இருந்தால் குரல் போனால் போகிறது, உயிர் தங்கினால் சரி என்று விட்டிருப்பார்கள். பாக்கியத்தின் குரல் அப்படி விடக்கூடியது இல்லை. மலாக்காவில் எந்தத் தமிழர் வீட்டுக் கல்யாணமானாலும் நலங்குக்கு அவளைக் கூப்பிடாமல் இருக்க மாட்டார்கள். மஞ்சள் பூசி முடித்ததும் நடுவில் வந்து உட்காருவாள். மாப்பிள்ளை வீட்டாரை ஒரு சுற்று பார்ப்பாள். யார் மீசை முறுக்கியிருக்கிறார், யார் நகையை வெளியே இழுத்துவிட்டிருக்கிறாள் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு கேலிப்பாட்டை எடுத்து விடுவாள்.

‘மாப்பிள்ளை வாராரு மச்சு வச்ச காருல
காரு என்னமோ ஜோரு – அதைத் தள்ளுறவன் யாரு?’

பாடிவிட்டு நிறுத்துவாள். எதிர்ப்பக்கம் பதில் பாட வேண்டும். பாட முடியாத பக்கம் வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு எல்லாரிடமும் வளைய வர வேண்டும், அதுதான் வழக்கம். பாக்கியம் தட்டு ஏந்தியதை ஊரில் யாரும் பார்த்ததில்லை.

மருதமுத்து மட்டும் அந்தக் குரலைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து நல்லதாக ஒன்று சொன்னது கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் கையை வைக்காமல், “டேப்புல புடிச்சு வச்சுப்புடுவோம்,” என்றார்.

“எதை?” என்றாள் பாக்கியம்.

“ஒன் பாட்டைத்தான்.”

அவள் ரசத்தை ஊற்றினாள். இரண்டு சொட்டு தட்டுக்கு வெளியே விழுந்தது.

புங்கா ராயா கடைத்தெருவில் தவுக்கே என்று கூப்பிடும் சீன முதலாளியின் ரேடியோக் கடை. ஜெயபாலன் என்ற பிள்ளை அங்கே விற்பனைக்கு நின்றான். ஊரே சுதந்திர அறிவிப்பைக் கேட்க ரேடியோ வாங்கிக்கொண்டிருந்த நேரம், அவனுக்குத் தலை சொறிய நேரமில்லை. அதற்கு நடுவில் சாயங்காலமானால் புகை வாசத்தோடு மருதமுத்து வந்து நிற்பார். பணம் சேர்த்து வைத்தது இருந்தது, அதில் தகராறு இல்லை. தகராறு எல்லாம் எதை வாங்குவது என்பதில்தான்.

கடையில் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று ஜெர்மன்காரன் செய்தது. மரப்பெட்டி, தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். முன்னால் பச்சைக் கண் போல ஒரு விளக்கு உண்டு, சத்தம் ஏற ஏற அது சுருங்கும். மற்றது சின்னது, சூட்கேஸ் மாதிரி கைப்பிடி வைத்தது. மைக்கிலும் இரண்டு தினுசு.

“அண்ணே, இது நாலு பக்கமும் கேக்குற மைக்கு. நடுவுல வச்சா சுத்தி நடக்குறதெல்லாம் உள்ள போயிரும்,” என்றான் ஜெயபாலன். “இது முன்னாடி மட்டும் கேக்குற மைக்கு. பின்னால பட்டாசு போட்டாலும் இதுக்கு ஏறாது.”

“காட்டு பாப்போம்.”

ஜெயபாலன் முன்னால் நின்று, “ஹலோ ஹலோ” என்றான். பின்னால் ஒரு தகர டப்பாவைத் தட்டினான். திருப்பிப் போட்டுக் காட்டினான். மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே?”

“அது டேப்பு சத்தம் அண்ணே. எல்லாத்துலயும் வரும்லா.”

“நேத்து இம்புட்டு வரலியே?”

“நேத்து மழை அண்ணே. மழை சத்தத்துல இது தெரியல.”

“அப்ப நாளைக்கு வாரேன். மழை இல்லாதப்ப இன்னொருக்கா பாப்போம்.”

இப்படியே போய்க்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்காகப் பண்டார் ஹிலிர் திடலில் வளைவு கட்டினார்கள், கொடி கட்டினார்கள், கலர் பல்பு மாட்டினார்கள். மருதமுத்து மட்டும் எதையும் கட்டிமுடிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பாக்கியமே கழுத்தைச் சுற்றித் தலைப்பைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

“தம்பி, இவரு வாங்குறதுக்குள்ள நான் ஊமையாகி வந்து ஒன் கடை வாசல்ல நிப்பேன். அந்தச் சின்னதைக் குடு. கல்யாண வீட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்.”

“கல்யாண வீட்டுலயா?” மருதமுத்து பதறிப்போனார். “பந்திச் சத்தம், புள்ளைங்க அழுகை, நாதஸ்வரக்காரன் எச்சி துப்புறது, அத்தனையும் ஒன் குரல் மேல ஒட்டிக்கும். சுத்தமா புடிக்கணும் பாக்கியம். வீட்டுல, கதவைச் சாத்திட்டு.”

“கதவைச் சாத்திட்டு யாருங்க நலங்கு பாடுவா?”

“நீ பாடுறே.”

ஜெர்மன் மெஷினும் முன்னாடி மட்டும் கேட்கும் மைக்கும் அன்றைக்கே ரிக்‌ஷாவில் வீட்டுக்கு வந்தன. பாக்கியம் நடந்து வந்தாள், ரிக்‌ஷாவில் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதமுத்து கூடத்தைக் கிட்டங்கி ஆக்கினார். ஜன்னல்களில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டார். தகரக் கூரையில் கொய்யாமரக் கிளை உரசுகிறது என்று ஏறி வெட்டினார். சேவலைக் கூடையில் கவிழ்த்தார். பக்கத்து வீட்டுக்குப் போய், உரலில் மிளகாய்ச் சம்பால் இடிப்பதைக் கொஞ்சம் நிறுத்தும்படி கையெடுத்துக் கும்பிட்டார்.

பக்கத்து வீடு தம்பிராஜா பிள்ளை வீடு. மலாக்காச் செட்டிகள். பேர் தமிழ், கும்பிடுவது நம் சாமி, ஆனால் தலைமுறை தலைமுறையாக மலாய் பேசிப் பேசித் தமிழ் போய்விட்டது. தம்பிராஜாவுக்கு ‘வாங்க’ தெரியும், ‘சாப்பாடு’ தெரியும், அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. அவர் மனைவி தெய்வானைக்கு அதுவும் கிடையாது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மலாயிலேயே பேசி, குழம்பும் பலகாரமும் மாற்றிக்கொண்டு, இரண்டு வீடும் ஒன்றாகத்தான் இருந்தன. மருதமுத்து கும்பிட்டதும் தெய்வானை இடிப்பதை நிறுத்திவிட்டாள்.

தெருவே அடங்கிப் போயிற்று. மருதமுத்து பொத்தானை அழுத்தினார். பச்சைக் கண் விழித்தது.

“ம்,” என்றார்.

பாக்கியம் மைக்கைப் பார்த்தாள். மைக்கு அவளைப் பார்த்தது. தொண்டையைச் செருமினாள். ‘மாப்பிள்ளை வாராரு’ என்று எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற குரல். இரண்டாவது வரியோடு நிறுத்திவிட்டாள்.

“என்னா?”

“யாரை வச்சுங்க பாடுறது?”

“பாட்டை நெனச்சுப் பாடேன்.”

“கேலிக்கு ஒரு மூஞ்சி வேணுங்க. நாம ஒண்ணு சொன்னா அது சுருங்கணும், அப்புறம் சிரிக்காம இருக்கப் பாக்கணும், அப்புறம் சிரிக்கணும். அதைப் பாத்துத்தானே அடுத்த வரி வரும். இந்தப் பொட்டி மூஞ்சி சுளிக்குமா?”

“பச்சைக் கண்ணு சுருங்குதே!”

“அது எல்லாத்துக்கும் சுருங்குது,” என்றாள் பாக்கியம்.

வேர்த்து ஊற்றியது. சாக்குக்குள் காற்றில்லை. மூன்று முறை எடுத்தாள், மூன்று முறையும் நின்றுபோனது. கடைசியில் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, “வேணாங்க, விட்ருங்க. வரலைன்னா வரல,” என்றாள். அவள் அழுகிறாளா வேர்வையைத் துடைக்கிறாளா என்று மருதமுத்துவுக்குத் தெரியவில்லை. குரல் இப்போதே போய்விட்டது போல அவருக்கு இருந்தது.

மூஞ்சிதானே வேண்டும்? எழுந்து போய்த் தம்பிராஜா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பிராஜா தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார், தெய்வானை நல்ல கெபாயா சட்டை உடுத்தி, கையில் தேங்காய்ப்பூப் பலகாரத்தோடு வந்தாள். கூடவே அவள் தங்கைகள் இருவர். மாப்பிள்ளை வீட்டாராக மைக்குக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். பாக்கியம் தம்பிராஜாவை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணில் பழைய வெளிச்சம் வந்தது.

‘மாப்பிள்ளைக்கு மாமன் வந்தார் மலைபோல வயிறு வச்சு
வாசக்கதவு பத்தலன்னு செவுத்தை இடிச்சு வழி வச்சு!’

தம்பிராஜா மரியாதையாகத் தலையை ஆட்டினார். “பாகுஸ்! பாகுஸ்!” என்று நன்றாக இருப்பதாகச் சொன்னார். கோயிலில் தேவாரம் கேட்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

பாக்கியம் மருதமுத்துவைப் பார்த்தாள். திட்டுவது தெரியாமல் ஆசீர்வாதம் வாங்குகிற ஆளைக் கேலி பண்ணி என்ன புண்ணியம்? மறுபடி தலைப்பை எடுக்கப் போனாள். அப்போது தெய்வானை மலாயில் கேட்டாள்:

“அவர் வயித்தைக் காட்டி ஏதோ சொன்னியே, என்னது?”

பாக்கியம் தயங்கித் தயங்கி மலாயில் சொன்னாள். தெய்வானை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சாய்ந்தாள். தங்கைகள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். தம்பிராஜாவின் முகம் சுருங்கியது, சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“லகி!” என்றாள் தெய்வானை. இன்னும் வேணுமாம். வேணும் என்றவள் சும்மா இருக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பந்துன் என்கிற நாலடி மலாய்ப் பாட்டு ஒன்றை எடுத்து விட்டாள். செட்டி வீடுகளில் பதிலுக்குப் பதில் பாடுவது அவர்களுக்கும் ரத்தத்தில் ஊறியது. முதல் இரண்டு அடியில் வேலியில் காயும் சிவப்புத் துணியைப் பற்றி ஏதோ வந்தது, பின் இரண்டு அடியில் விஷயம் வந்தது. ‘உன் வீட்டுத் தண்ணீர்ச் சாடியே வாசலை அடைத்துக் கிடக்கிறது, என் வீட்டு வயிற்றை நீ ஏன் அளக்கிறாய்?’

பாக்கியத்துக்கு இது போதாதா? அப்புறம் அவளை யார் நிறுத்துவது? இங்கே தமிழில் ஒரு பாட்டு, அங்கே மலாயில் ஒரு பந்துன். மருதமுத்து பச்சைக் கண்ணை விட்டு நகராமல், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, கல்யாணவீட்டுக் கணக்கப்பிள்ளை போல இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார். சுருள் முடிந்தது. எல்லாரும் மெஷினைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர் திருப்பிப் போட்டார்.

பாக்கியத்தின் குரல் சுத்தமாக வந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு தூசி இல்லை, முதல் தரம். ஒரு பாட்டு பாடினாள். அப்புறம் ஒன்றுமில்லை. தூரத்தில் கிணற்றுக்குள் யாரோ முனகுகிற மாதிரி என்னவோ கேட்டது. மறுபடி பாடினாள். மறுபடி ஒன்றுமில்லை. ஆளில்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாகப் பாடிக் கேட்டு, தானே சிரித்துக்கொண்டு, மறுபடி பாடுகிறாள்.

“நான் எங்கே?” என்று தெய்வானை கேட்டாள்.

பாக்கியம் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். மருதமுத்து பின்னாலேயே போனார்.

“குரல் நல்லாத்தானே விழுந்திருக்கு?”

“நல்லா விழுந்திருக்கு. செத்தவங்ககிட்டப் பாடுற மாதிரி இருக்கு,” என்றாள் அவள். “நாளைக்கு நான் பேச முடியாமக் கெடக்குறப்ப இதையா போட்டுக் காட்டுவீங்க? நான் எப்பவுமே தனியாத்தான் இருந்தேன்னு இருக்கும்.”

வாழ்நாள் முழுக்க ஒட்டியிருக்கிறதைக் குற்றம் என்று பார்த்துப் பார்த்தே பழகியவர் மருதமுத்து. அவள் பாட்டில் பாதி, சுற்றியிருப்பவர்கள் வாயிலும் முகத்திலும் இருந்தது என்பது இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவருக்கு உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கூடத்துக்குப் போய் மைக்கைக் கழற்றித் துணியில் சுற்றினார்.

திங்கட்கிழமை ஜெயபாலன் அவரைத் தூரத்தில் கண்டதுமே ரேடியோக்களுக்குப் பின்னால் குனிந்தான்.

“தம்பி, ஒளியாத. மைக்கை மாத்திக் குடு. நாலு பக்கமும் கேக்குறது.”

“டெஸ்ட் பண்ணிக் காட்டவா அண்ணே?”

“வேணாம். பொட்டலம் கட்டு.”

ஜெயபாலன் அதிர்ந்துபோய் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

அடுத்த ஞாயிறு சாக்கு இல்லை, சாத்திய கதவு இல்லை. தெய்வானை வீட்டுக் கூட்டம் வந்தது, தெருவில் போனவர்கள் வந்தார்கள், கூடத்தில் இடமில்லாமல் வாசலில் நின்றார்கள். மைக்கை நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டார் மருதமுத்து. சேவல் கூவியது, சம்பால் இடித்தார்கள், ஐஸ்கிரீம்காரன் மணியடித்துக்கொண்டு வந்தவன் மணியை விட்டுவிட்டுத் தானும் உள்ளே வந்தான். எல்லாம் டேப்பில் ஏறியது. பாக்கியத்துக்கு மூச்சு முட்டியது, நடுநடுவே தண்ணீர் குடித்தாள், விடவில்லை. வந்தவர் ஒருவரையும் மிச்சம் வைக்காமல் பாடினாள். சுருள் தீருகிற நேரத்தில், பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்த மருதமுத்து பக்கம் திரும்பினாள்.

‘பொண்டாட்டி பேசறப்போ பொழுதெல்லாம் தூங்கினாரு
பொட்டி பேசப் போகுதுன்னு காதைத் தீட்டிக் குந்தினாரு!
கித்தாவைத் தூக்கிப் புடிச்சு குத்தம் பாக்கும் மாமா – என்
கழுத்தைத் தூக்கிப் புடிச்சுப் பாத்தா என்னா தரம் சொல்வீரோ?’

நிறுத்தினாள். வீடே அவர் வாயைப் பார்த்தது. மருதமுத்து பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். பச்சைக் கண் அகல விழித்துக்கொண்டு காத்திருந்தது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டுக் கூட்டம் ஓவென்று கத்தியது. தெய்வானை வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். தட்டை ஏந்திக்கொண்டு அவர் கூடத்தைச் சுற்றி வந்ததை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது. அதற்குள் சுருள் ஓடித் தீர்ந்து, நாடா நுனி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

சுதந்திரம் வந்தது. ரேடியோக்கள் எல்லாம் ஒரே குரலில் பேசின, வீட்டுக்கு வீடு கேசரி கிண்டினார்கள். பாக்கியம் கேசரி தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். நரம்பைப் பற்றிக் கேட்டதற்கு, புண் ஆறட்டும், அதுவரை பேசவே கூடாது, அப்புறம்தான் தெரியும் என்றார்கள். வீட்டுக்கு வந்தவள் கழுத்துக் கட்டோடு கையால் ஜாடை காட்டிக்கொண்டு நடமாடினாள். பேசலாம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பிய பிறகும் அவள் பேசவில்லை. மருதமுத்துவுக்குப் புரிந்தது. வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதே மேல் என்று அவள் பயந்துகொண்டிருந்தாள். வேலி ஓரம் தெய்வானை வந்து எதையாவது சொல்லிச் சீண்டிப் பார்ப்பாள், பாக்கியம் தலையை மட்டும் ஆட்டுவாள். வீடு சாக்குத் தொங்கவிட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

ஒரு சாயங்காலம், வேலை விட்டு வந்த புகை வாசம் போகாமலேயே அவர் மெஷினை எடுத்து வைத்தார். பாக்கியம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

“கேளு. கொஞ்சம் கேளு,” என்றார்.

சேவல் கூவியது. ஐஸ்கிரீம் மணி அடித்தது. தெய்வானை “லகி!” என்று கத்தினாள். இத்தனைக்கும் நடுவே, எல்லாவற்றையும் பிடித்து இழுத்துக்கொண்டு பாக்கியத்தின் குரல் வந்தது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் வழிந்து கட்டுத் துணியில் இறங்கியது, துடைக்கவில்லை. பாட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. ‘என்னா தரம் சொல்வீரோ?’ என்று டேப்பு கேட்டது. கேட்டுவிட்டு நிறுத்தியது. வீடு முழுக்க ஆள் காத்திருக்கிற அந்த அமைதி கூடத்தில் வந்து நின்றது.

மருதமுத்து பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தினார். எழுந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஜென்மத்தில் ஒரு பாட்டு பாடியறியாத மனிதர், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, லாரி கியர் மாற்றுகிற குரலில் எடுத்தார்:

‘ஆயிரம் ஷீட்டு தூக்கிப் பாத்துக் கண்ணு பூத்த ஆளுலா
அடுப்படியில நிக்கிறவகிட்ட ஒரு பழுதும் காணோம்லா!’

இரண்டாவது அடியில் குரல் பிசிறி எங்கேயோ மேலே போய் மாட்டிக்கொண்டது. இறக்கத் தெரியாமல் அங்கேயே இழுத்துக்கொண்டு நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் இடிக்கிற சத்தம் நின்றது.

ஒரு சிரிப்பு கேட்டது. கொஞ்சம் கரகரத்து, அடக்கப் பார்த்து முடியாமல், பிறகு பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. டேப்பு தானாக ஓடிவிட்டதோ என்று மருதமுத்து பதறிக் கண்ணைத் திறந்து பார்த்தார். சுருள்கள் அசையவில்லை.

“மாமா,” என்றாள் பாக்கியம், கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு. “சுதி சேரலலா. இன்னொருக்கா எடுங்க.”